பெலூடாவுக்கு இடம் உண்டு, கர்னல் தாத்தாவுக்கு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த வங்காளத் துப்பறியும் கதைகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது கர்னல் என்ற கிழத் துப்பறிவாளரின் பெயர் எங்காவது மூலையில் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இல்லை. பியோம்கேஷ் இருக்கிறார், பெலூடா இருக்கிறார், அவர்களை வைத்து எடுத்த படங்கள்கூட இருக்கின்றன. கர்னல் நீலாத்ரி சர்க்கார் மட்டும் இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் வீட்டுப் பெரியவரை மறந்துவிட்டுப் பாயைச் சுருட்டியது போலிருந்தது எனக்கு.

நான் எழுத்தாளன் இல்லை. ராமேசுவரத்தில் ஒரு தங்கும் விடுதியில் 1976 முதல் 2016 வரை வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவன். சேர்ந்தபோது குமாஸ்தா, இறங்கும்போது மேலாளர். மேசை ஒன்றுதான், நாற்காலிதான் இரண்டு முறை மாறியது. ராமேசுவரத்தில் கடை வைத்திருப்பவனுக்கும் அறை கொடுப்பவனுக்கும் வங்காளிகள் புதியவர்கள் இல்லை. கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் இந்தியும் வங்காளமும் எழுதியிருப்பதை இங்கே வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். குளிர்காலம் பிறந்தால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். குரங்குக்குல்லா, கம்பளிப் போர்வை, கூடவே ஒரு மருந்துப் பெட்டி. நமக்கு வேர்த்துக் கொட்டும். அவர்கள் காதை மூடிக்கொண்டு "கொரம் ஜோல்" கேட்பார்கள். கொரம் ஜோல் என்றால் வெந்நீர். எனக்குத் தெரிந்த முதல் வங்காளச் சொல் அதுதான்.

எழுத்துப் படித்தது வேறு வழியில். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். தீர்த்தமாடும்போது ஈரக்கல்லில் அந்த அம்மா வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் இங்கேயே தங்கவேண்டியதாகிவிட்டது. பகலில் அவருக்குப் பேச ஆள் இல்லை, எனக்குப் பத்து மணிக்கு மேல் வேலை இல்லை. பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதிக் காட்ட, நான் பார்த்து எழுதினேன். ஊருக்குப் போனதும் தபாலில் ஒரு சின்னப் புத்தகம் அனுப்பினார். வித்யாசாகர் 1855-ல் குழந்தைகளுக்கு எழுதிய பாலபாடம், பர்ணபரிசய். முப்பது வயது கடந்து அரிச்சுவடி படித்த விடுதி குமாஸ்தாவைப் பார்த்துத் தெருவில் சிரித்தவர்கள் உண்டு.

விருந்தினர்கள் விட்டுவிட்டுப் போகும் புத்தகங்கள்தான் அதற்குப் பிறகு எனக்குப் பள்ளிக்கூடம். பல்செட்டு, மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு என்று விட்டுப்போகிறவற்றுக்கு அளவில்லை. அவற்றுக்குக் கடிதம் போட்டுக் கேட்பார்கள். புத்தகத்தை யாரும் கேட்டதில்லை. 1987-ல் ஓர் அறையில் மெத்தைக்கு அடியில் கிடைத்தது ஒரு துர்கா பூஜை மலர். நம்ம தீபாவளி மலர் மாதிரிதான், ஆனால் முழு நாவல்களையே உள்ளே அடைத்துவிடுவார்கள். அட்டை போய், தைத்த கம்பி துருப்பிடித்து, பக்கங்கள் கையோடு வந்தன. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஒரு வருடம் போதும். அதில்தான் கர்னலைப் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கர்னல் நீலாத்ரி சர்க்கார் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். அறுபதைத் தாண்டியவர். தொப்பியைக் கழற்றினால் வழுக்கை, முகம் நிறைய வெள்ளைத் தாடி. பார்க்கிறவர்கள் கிறிஸ்துமஸ் தாத்தா என்பார்கள், சிலர் பாதிரியார் என்றே நினைத்துக்கொள்வார்கள். கல்கத்தாவில் எலியட் ரோட்டில் வீடு, மாடியில் கள்ளிச்செடித் தோட்டம், எந்நேரமும் காபி. கழுத்தில் தொலைநோக்கி, கையில் பட்டாம்பூச்சி வலை. அவர் ஊர் ஊராகப் போவது அபூர்வமான பறவையையோ பட்டாம்பூச்சியையோ தேடித்தான். போன இடத்தில் பிணம் விழுந்து கிடக்கும். யாரும் அவரை நியமிப்பதில்லை, சம்பளமும் இல்லை. சும்மா இருக்கிற ஒரு பெரியவர், அவ்வளவுதான்.

அவரை உருவாக்கியவர் சையத் முஸ்தபா சிராஜ். 1930-ல் முர்ஷிதாபாத் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வாலிபத்தில் ஆல்காப் என்ற கிராமத்துக் கூத்துக்குழுவோடு புல்லாங்குழல் வாசித்துக்கொண்டு ஊர்ஊராகத் திரிந்திருக்கிறார். எங்கள் பக்கம் கோயில் கொடையில் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்குமே, அந்த மாதிரி விடியவிடியக் கண்விழிக்கிற பிழைப்பு. பிறகு கல்கத்தா, பத்திரிகை வேலை, நாவல்கள். 1994-ல் சாகித்திய அகாதெமி விருது. 2012-ல் காலமானார். விருது வாங்கியது கர்னலுக்காக இல்லை, 'அலீக் மானுஷ்' என்ற பெரிய நாவலுக்காக. அந்தக் கையால்தான் சிறுவர் மலர்களுக்குக் கர்னல் கதைகளையும் எழுதித் தள்ளினார். கட்டுரையாளர் தவறவிட்டது ஏதோ மூன்றாந்தரச் சில்லறை எழுத்தாளரை இல்லை என்பதற்காக இவ்வளவு சொல்கிறேன்.

என் வழக்கு இதுதான். நம் துப்பறியும் கதைகளில் கிழவர்களுக்கு இரண்டே வேலை. முதல் அத்தியாயத்தில் உயில் எழுதி வைத்துவிட்டுச் சாகவேண்டும், இல்லாவிட்டால் தோட்டக்காரனாக இருந்து "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கையைக் கட்டிக்கொள்ளவேண்டும். நான் ஒன்றும் நம் ஆட்களை மட்டம் தட்டவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலை மண்டபம் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே படித்து ரயிலைத் தவறவிட்டவன் நான். சுஜாதாவின் கணேஷ், வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, சுபாவின் நரேந்திரன், வைஜெயந்தி எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள்தான். ஆனால் ஒருவருக்காவது மூட்டு வலி உண்டா? மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினார்களா? தேவனின் சாம்பு கொஞ்சம் நெருங்கி வருகிறார், பாங்கி குமாஸ்தா, அசடு. ஆனால் அவரிடம் பலிப்பது அதிர்ஷ்டம். வயது கற்றுக்கொடுத்த பார்வையால் ஒரு கிழவரோ கிழவியோ குற்றத்தைக் கண்டுபிடிக்கிற தொடர் தமிழில் என் கண்ணில் பட்டதில்லை.

வங்காளத்திலும் ஆரம்பத்தில் அப்படித்தான். 1892-ல் பிரியநாத் முகோபாத்யாய் எழுதத் தொடங்கிய கதைகளில் துப்பறிகிறவர் ஒரு போலீஸ் தாரோகா, அதாவது இன்ஸ்பெக்டர், எழுதியவரே போலீஸ்காரர்தான். 1932-ல் ஷரதிந்து பந்தோபாத்யாயின் பியோம்கேஷ் வந்தார். துப்பறிவாளர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, 'சத்தியான்வேஷி' என்று சொல்லவேண்டும், உண்மையைத் தேடுகிறவர். அவரிடம் எனக்குப் பிடித்தது, ஒரு வழக்கில் பார்த்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, வயதும் ஆகிறார். வீட்டில் சண்டையும் உண்டு. 1965-ல் சத்யஜித் ராய் 'சந்தேஷ்' இதழில் எழுதிய பெலூடா கடைசிவரை இளைஞராகவே நின்றுவிட்டார். தெரியாத விஷயம் வந்தால் பெலூடாவே போய் நிற்பது ஒரு கிழவரிடம். சித்து ஜ்யாட்டா. அறை நிறையப் பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஒட்டி வைத்திருக்கும் அந்தப் பெரியவர், தான் பல வேலை செய்திருந்தால் மற்றவர்கள் பலருக்குப் பிழைப்பு போயிருக்கும், அதனால்தான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்வார். சிராஜ் செய்தது அந்த ஜ்யாட்டாவை நாற்காலியிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பியதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இங்கே ஒரு இடைச்செருகல். 'பெலூடா' என்று தமிழில் அச்சானதும் என் பேரன் கேட்டான், "தாத்தா, ஹீரோவ எதுக்கு வாடா போடான்னு கூப்புடுறாக?" அந்த 'டா' நம்ம 'டா' இல்லை. 'தா' என்று மெல்ல உச்சரிக்கவேண்டும், தாதா என்பதன் சுருக்கம், அண்ணன். பெலு அண்ணன். இங்கிலீஷ் வழியாக வந்ததால் மரியாதை வசவாகிவிட்டது. வங்காளிகளுக்கு உறவுமுறை நம்மைப்போலவே கறாரானது. ஜ்யாட்டா என்றால் பெரியப்பா, காக்கா என்றால் சித்தப்பா, மாமா மாமாதான். பிஷி என்றால் அத்தை, மாஷி என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள். இங்கிலீஷில் அத்தனை பேரும் இரண்டே சொல்லுக்குள் அடங்கிப் போகிறார்கள். ஒரு சொத்துத் தகராறுக் கொலையில் செத்தது பெரியப்பாவா தாய்மாமனா என்பது தெரியாவிட்டால் வாசகன் எங்கே போய்க் கொலைகாரனைத் தேடுவான்? வங்காளத்திலிருந்து நேரே தமிழுக்கு வந்தால் இந்தத் தொல்லை கிடையாது. த.நா. குமாரசாமியும் த.நா. சேனாபதியும் அப்படித்தான் நேரே கொண்டுவந்தார்கள்.

கர்னலிடமும் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கொஞ்சம் அதிகமாகவே திடகாத்திரமாக இருக்கிறார். மலையேறுகிறார், காட்டுக்குள் நடக்கிறார், கூடப்போகும் இளைஞன் ஜெயந்தனுக்குத்தான் மூச்சிரைக்கிறது. ராணுவ உடம்பு என்று சமாதானம் செய்துகொள்ளலாம். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது, கோயில் மூன்றாம் பிராகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் மறுநாள் எண்ணெய் தேய்க்கவேண்டும். இந்த விஷயத்தில் உண்மையான கிழத்தன்மை ரிதுபர்ணோ கோஷ் 2003-ல் எடுத்த படத்தில் வரும் ராங்கா பிஷிமாவுக்குத்தான். இங்கிலீஷ் கிழவி ஒருத்தியின் கதையை வங்காளத்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது அது. செவத்த அத்தை என்று நாம் கூப்பிடுவது போன்ற பெயர். ராக்கி நடித்துத் தேசிய விருது வாங்கினார். அந்த அத்தை வீட்டைவிட்டு அதிகம் நகர்வதில்லை. மருமகள் சொல்லக் கேட்டே முடிச்சை அவிழ்த்துவிடுகிறாள்.

மருமகள் என்று சொன்னேனே, அண்ணன் மகள், அவள் ஒரு பத்திரிகை நிருபர். கர்னலோடு திரியும் ஜெயந்தனும் தினப்பத்திரிகை நிருபர்தான். இரண்டு பேருமே தப்பாகத்தான் யூகிப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆசிரியரே. வங்காளிகள் உங்கள் தொழிலை அப்படித்தான் பார்க்கிறார்கள்.

வயதானவர்களுக்குத் துப்பறியும் கண் உண்டு என்று கதையை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. 1991-ல் எங்கள் விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். தை அமாவாசைக்கு வங்காளக் குடும்பம் ஒன்று வந்து தங்கியிருந்தது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள். காலை ஐந்து மணிக்கு அக்னி தீர்த்தத்துக்குப் போனார்கள், கடலில் முழுகிவிட்டு இருபத்திரண்டு கிணறும் ஆடி, பத்து மணிக்குத் திரும்பினார்கள். பதினொரு மணிக்கு மாடியில் கூச்சல். பாட்டியின் தங்கச் சங்கிலியைக் காணோம். தலையணைக்கு அடியில் வைத்ததாகப் பாட்டி அடித்துச் சொல்கிறார். அறையைக் கூட்டியவன் பதினாறு வயதுப் பையன், தங்கச்சிமடத்துக்காரன். மகன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் தடுக்கவில்லை. எனக்கும் சந்தேகம் அவன் மேல்தான், வெட்கத்தோடு எழுதுகிறேன். முந்தின வாரம் அவன் சம்பளத்தில் முன்பணம் கேட்டிருந்தான், அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

விடுதிப் படிக்கட்டில் சங்கும் பாசிமணியும் விற்கும் ஒரு கிழவி உண்டு. எல்லோருக்கும் அப்பத்தா. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆளை உருவமாகத்தான் தெரியும். கூச்சலைக் கேட்டு மெல்ல ஏறி வந்தது. "தம்பி, அந்தம்மா தோள்ல சாவிக்கொத்து இருக்கா பாரு" என்றது. சங்கிலியைத் தேடும்போது சாவி எதற்கு என்று நான் எரிந்து விழுந்தேன். "இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

இல்லை.

வங்காளத்து வீட்டுப் பெரிய பெண்கள் சேலைத் தலைப்பின் நுனியில் சாவிக்கொத்தை முடிந்து முதுகுப்பக்கம் போட்டுக்கொள்வார்கள். நடந்தால் கிணுகிணுவென்று சத்தம் வரும். அப்பத்தா சொன்னது இவ்வளவுதான்: "வெள்ளனப் போகையில சத்தம் கேட்டுச்சு. திரும்பி வரையில சத்தம் இல்ல. அப்பவே நெனச்சேன், சேலைய மாத்திட்டாக, சாவிய மாத்தலைன்னு."

கடலில் முழுகிய பழைய துணியைக் கரையிலேயே விட்டுவிட்டு மாற்றுத்துணி கட்டிக்கொண்டு போவது இங்கே பலருக்கு வழக்கம், அதோடு பீடை ஒழியும் என்று. பாட்டியின் சேலையை மருமகள் அப்படித்தான் விட்டிருக்கிறாள். அலை இழுத்துவிடும் என்று பயந்து பாட்டி சங்கிலியைக் கழற்றித் தலைப்பு முடிச்சில் சாவியோடு முடிந்ததை, குளிரிலும் கூட்டத்திலும் மறந்தே போனார். முதல்நாள் ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்தது மட்டும் ஞாபகத்தில் நின்றிருக்கிறது. ஓடினோம். விட்ட துணிகளைப் பொறுக்குகிறவர்கள் கரையில் ஈரக்குவியல் போட்டிருந்தார்கள். சிவப்புக் கரை போட்ட வெள்ளைச்சேலை அடியில் கிடந்தது, முடிச்சு அவிழாமல்.

பாட்டி அழுதுகொண்டே அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டியின் கையில் சங்கு வளையல். அப்பத்தா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கடல் சங்காச்சே" என்றது. அது உண்மைதான். வங்காளத்துச் சுமங்கலிகள் போடும் அந்த வளையலுக்கு வெண்சங்கு காலம் காலமாக இந்தக் கடலிலிருந்துதான் போகிறது, கீழக்கரைப் பக்கத்துச் சங்குகுளிகள் மூச்சடக்கி எடுத்தது. அந்தப் பையன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. நான் தங்கச்சிமடம் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. படகுக்குப் போய்விட்டான்.

கண் தெரிந்த நாங்கள் நாலைந்து பேர் சங்கிலி இருந்த இடத்தையே தேடினோம். கண் தெரியாத கிழவி, இல்லாமல் போன ஒரு சத்தத்தைக் கவனித்தது. கர்னல் கதைகளில் எனக்குப் பிடிப்பதும் அதுவேதான். பறவை பார்க்கிறவர் எப்போதும் காத்திருக்கப் பழகியவர். வழக்கமாகக் கேட்கிற குரல் இன்றைக்குக் கேட்கவில்லையே என்பது அவருக்கு ஒரு செய்தி. அவசரக்காரனான இளைஞனுக்கு அது செய்தியே இல்லை.

அந்தக் கர்னல் எங்கள் கடற்கரைக்கு வந்தால் என்ன ஆகும் என்று சில சாயங்காலங்களில் யோசித்துக்கொண்டிருப்பேன். தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கழிவெளியில் பூநாரைகள் இறங்கும் பருவத்தில் வரவேண்டும். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை இருபத்தொரு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன, 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. கடல் அட்டை பிடிக்க 2001-லிருந்து தடை, ஆனாலும் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்தியை உங்கள் ராமநாதபுரம் பக்கத்திலேயே நாங்கள் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம். கதைக்கு வேறு என்ன வேண்டும்? வாடைக்காற்று அடிக்கும்போது எந்தக் கரையில் எது ஒதுங்கும், தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்றில் எது ஒதுங்கும் என்று பாசி எடுக்கப் போகும் பெண்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கர்னல் கேட்பார், அவருக்குக் கேட்கத் தெரியும். ஒரே சிக்கல், விடிகாலையில் தொலைநோக்கியோடு கடலைப் பார்த்து நிற்கும் தாடிக்கார வெளியூர்க்காரரை இங்கே முதலில் போலீஸ் விசாரிக்கும், கதை நகரவே மூன்று அத்தியாயம் ஆகும்.

என் கோரிக்கை சின்னது. ஞாயிறு இணைப்பில் இப்போது ராசிபலனுக்கு ஒன்றரைப் பக்கம் போகிறது. அதில் அரைப்பக்கத்தை வாரா வாரம் கர்னலுக்குக் கொடுங்கள். சிராஜின் குடும்பத்தாரிடம் முறைப்படி உரிமை வாங்கி, வங்காளம் தெரிந்தவரைக் கொண்டு நேரே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு இடத்தில் மொழிபெயர்ப்பாளர் திணறுவார், இப்போதே எச்சரித்துவிடுகிறேன். கர்னலோடு ஹால்தார் என்று ஒருவர் வருவார், போலீஸிலிருந்து ஓய்வுபெற்றுத் தனியார் துப்பறியும் தொழில் செய்கிறவர், மூக்குப்பொடி போடுகிறவர். பரபரப்பு வந்தால் கிழக்கு வங்காளத்துக் கொச்சையில் பேசத் தொடங்கிவிடுவார். அதை மெட்ராஸ் பாஷையில் போட்டுவிடாதீர்கள், ரிக்‌ஷாக்காரர் நகைச்சுவை போல ஆகிவிடும். எல்லை தாண்டி வந்தவர்களின் பேச்சு அது, அதில் சிரிப்பும் இருக்கும், ஊரை இழந்த வலியும் இருக்கும். தனுஷ்கோடியிலிருந்து 1964 புயலுக்குப் பிறகு இங்கே வந்து குடியேறியவர்களின் பேச்சைக் கேட்டுப் பார்த்தால் ஒரு வழி கிடைக்கலாம். அவர்களில் பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

என்னிடம் டிரங்குப் பெட்டியில் கர்னல் கதைகள் வந்த பழைய மலர்கள் ஏழெட்டு இருக்கின்றன. கம்பி எல்லாம் துரு, ஆனால் எழுத்து நன்றாகவே இருக்கிறது. வேண்டுமானால் ஆள் அனுப்புங்கள், தருகிறேன். திருப்பித் தரவேண்டும். பெயர் போடவேண்டாம், அந்தத் தங்கச்சிமடத்துக்காரர் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார், உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதி மேலாளர்,
ராமேசுவரம்.